உப்பு இறங்கிய வண்டி

அந்த வண்டியை என் பட்டறைக்குக் கட்டி இழுத்துவந்த அன்று பக்கத்து டீக்கடைக்காரர் தட்டியை இறக்கிவிட்டார். ஆம்பூரில் பிறந்து, தோல் நாற்றத்திலேயே பல் துலக்கி வளர்ந்த மனிதர் அவர். அவரே மூக்கைப் பொத்தினார் என்றால் வண்டியின் லட்சணத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அது ஒரு பழைய டீசல் பிக்கப். உரித்து உப்புத் தடவிய ஈரத் தோலை மண்டியிலிருந்து தொழிற்சாலைக்கு ஏற்றி இறக்கியே பாதி ஆயுளைக் கழித்தது. முதலாளி தொழிலை மூடிய பிறகு பல மழைக்காலம் வெட்டவெளியில் கிடந்தது. ஏர் ஃபில்டருக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பின்தட்டில் கையை வைத்தால் இரும்பு அப்பளமாக நொறுங்கியது. இதைக் காசு கொடுத்து வாங்கியவள் என் அக்கா.

"இத ஓட வைடா. அப்புறம் நாலு சக்கரமும் இழுக்கற மாதிரி பண்ணிக் குடு" என்றாள், ரவிக்கைக்குக் கொஞ்சம் கை நீளம் வை என்று தையல்காரரிடம் சொல்வது போல.

எனக்கு முன்கோபம் அதிகம். கழுதை கெட்டால் குட்டிச்சுவர், வண்டி கெட்டால் இவன் பட்டறை என்று ஊரில் ஒரு கிண்டல் உண்டு. அதற்காக இப்படியா? நன்றாகக் கத்தினேன். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, டீ சொல்லட்டுமா என்று கேட்டாள். ஷூ கம்பெனியில் மெஷின் சத்தத்துக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் தைத்தவள். சத்தம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

எல்லாம் மாமாவுக்காகத்தான். அக்காவின் வீட்டுக்காரர் அதே தோல் தொழிற்சாலையில், தோலை ஊறவைக்கும் தொட்டிகளில் வேலை பார்த்தவர். சிறுகச் சிறுகச் சேர்த்து அமிர்திக்கு மேலே மலைச்சரிவில் கொஞ்சம் நிலம் வாங்கினார். மா, புளி, பத்துப் பதினைந்து ஆடு, தகரக் கூரை போட்ட ஒரு வீடு. தொழிற்சாலை மூடியதும் அங்கேயே போய் இருந்துகொண்டார். அக்கா வேலைக்காக ஆம்பூரில் இருந்தாள், லீவு கிடைத்தால் மேலே ஓடுவாள். இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அப்புறம் சர்க்கரை வியாதி மாமாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது.

செயற்கைக் கால் மாட்டி, கோல் ஊன்றி வீட்டுக்குள் நடந்தார். மேடு ஏற முடியவில்லை. ஆம்பூர் வாடகை வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். யாரிடமும் எரிந்து விழவில்லை, அழவில்லை. மேலே மழை பெய்ததா, ஆடு ஈன்றதா என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார். ஒருநாள் அக்கா வேண்டுமென்றே, மேலே பக்கத்து நிலத்துக்காரர் மேய்த்துவந்த ஆட்டையெல்லாம் விற்றுவிட்டேன் என்று பொய் சொல்லிப் பார்த்தாளாம். சரி என்று தலையாட்டினாராம். அன்றுதான் அவள் பயந்துபோனாள். இந்த மனிதர் இப்படியே உட்கார்ந்து போய்ச் சேர்ந்துவிடுவார் என்று என்னிடம் வந்து சொன்னாள்.

தார் ரோடு முடியும் இடத்திலிருந்து மண்பாதை, ஒரு ஓடை, ஓடைக்கு அப்பால் நெட்டுக்குத்தாக ஒரு செம்மண் ஏற்றம். அதற்கு மேல்தான் மாமாவின் வீடு. வாடகை ஜீப்காரர்கள் ஓடையோடு திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போகிறோம் என்று அந்தப் பக்கத்துப் பையன்கள் அன்பாகத்தான் கேட்டார்கள்.

"நாலு பேரு தூக்கினு போறது ஒரே ஒரு தபாதான். அதுக்கு இன்னும் டைம் இருக்கு" என்றார் மாமா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆகவே, அவர் முன்சீட்டில் மனுஷனாக உட்கார்ந்து, வீட்டு வாசலிலேயே இறங்க ஒரு வண்டி வேண்டும். அக்கா கேட்டது அதைத்தான்.

முதலில் எஞ்சினுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்தேன். டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி உள்ளே எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, நீள ஸ்பேனர், எங்கள் பாஷையில் பானா, போட்டு எட்டித் தள்ளினேன். முதலில் அசையவில்லை. இரண்டு நாள் திட்டிக்கொண்டே தள்ளியதில், மனசு வந்ததுபோல ஒரு விரற்கடை நகர்ந்தது. அதன்பின் ஹெட்டை இறக்கி வால்வு தேய்த்தேன், ரிங் மாற்றினேன், டீசல் பம்பை வேலூருக்கு அனுப்பிச் சரிபார்த்து வாங்கினேன். குழாயில் இருந்த காற்றையெல்லாம் எடுத்துவிட்டு செல்ஃப் அடித்தபோது வெள்ளைப் புகையைக் கக்கி, இருமி, குலுங்கி, பிறகு ஒரே சீராகத் துடிக்க ஆரம்பித்தது. பழைய டீசல் எஞ்சின் மாதிரி நேர்மையான பொருள் உலகத்தில் வேறு இல்லை. காற்றும் டீசலும் அழுத்தமும் கொடுத்தால் போதும், ஓடும். இப்போது வரும் வண்டிகள் போல லேப்டாப்பை மாட்டினால்தான் வாயைத் திறப்பேன் என்று அடம்பிடிக்காது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதன் பானெட்டைத் தட்டிக்கொடுத்தேன்.

ஆனால் ஓடுவது வேறு, மேடேறுவது வேறு. இந்த மாதிரிப் பிக்கப்பில் பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளும். முன்சக்கரம் விருந்தாளி போலச் சும்மா உருண்டு வரும். அதையும் வேலை வாங்க வேண்டுமானால் முன்னால் வேறு ஆக்சில் வேண்டும், எஞ்சினின் பலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பங்குபோட நடுவில் ஒரு கியர் பெட்டி வேண்டும். வாலாஜாபேட்டையில் ஒரு காயலான் கடையில், உடைத்துப்போட்ட ஜீப் ஒன்றிலிருந்து இரண்டும் கிடைத்தன. கடையிலேயே சக்கரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணிப் பார்த்தேன். அது நம் வண்டியின் பின்பக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகள் ஆளுக்கொரு வேகத்தில் நடந்த கதைதான். ஒத்துப்போனது. விலையை ஏற்றிவிடக் கூடாதென்று கடைக்காரரிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டே வாங்கிவந்தேன்.

பக்கத்துக் கொட்டகையில் வெல்டிங் வைக்கும் பாய் என் தோஸ்த். வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, இது ஜாஸ்தி பேஜார் பிடித்த வேலை என்றார். சொல்லிவிட்டு மறுநாள் தானாகவே வந்து அடியில் படுத்தார். கியர் பெட்டி உட்கார இரும்புத் தாங்கல்கள் செய்தார், இற்றுப்போன சேசிஸ் சட்டத்துக்குப் பட்டை வைத்து ஒட்டினார், முன்னால் வண்டியைத் தாங்கும் கமான் பட்டைகளை ஏற்றி உயரம் கொடுத்தோம். அவர் வெல்டிங்கைத் தடவிப் பார்த்தால் புதுத் துணியின் மடிப்பு மாதிரி இருக்கும். பெயின்ட் அடித்து நிமிர்ந்தபோது ஊரையே விலைக்கு வாங்கிவிட்ட நினைப்பு எனக்கு.

கொஞ்ச நாளில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. வெல்டிங் ஓரமெல்லாம் செந்துருவாக அழுதது. பெயின்ட் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் பாவம், வந்து பார்த்துவிட்டு, வழிந்த துருவுக்கு நடுவே வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். உப்பு. ஆண்டுக்கணக்காகத் தோலிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் சேசிஸ் குழாய்க்குள் இறங்கிக் கெட்டித்துப்போயிருந்தது. வெளியூர் மெக்கானிக் என்றால் அந்த நாற்றத்துக்குப் பயந்து முதல் வேலையாக வண்டியை உள்ளும் புறமும் அலசியிருப்பான். எங்களுக்கு இரண்டே நாளில் மூக்கு பழகிவிட்டது. நாற்றம் போனதும் உப்பும் போய்விட்டதாக நினைத்துக்கொண்டோம். ஊரில் கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வெட்டிப் போட்டுவிடலாம் என்று சொல்லி, அக்கா எதிரிலேயே பானாவை வீசி எறிந்தேன்.

அக்கா வீட்டில் போய் இதைச் சொல்லி அழுதிருக்கிறாள். சுவரைப் பார்த்திருந்த மாமா திரும்பினாராம்.

"தோலுன்னா இன்னா பண்ணுவோம்? ஊறப் போடுவோம். உப்பு இறங்காம அடுத்த வேலைக்குப் போனா தோலு போச்சு. இரும்புக்கு மட்டும் வேற நியாயமா?"

மாதக்கணக்கில் அவர் ஒருசேரப் பேசியது அவ்வளவுதான். மறுநாள் அக்கா பொழுது விடிந்ததும் பட்டறைக்கு வந்து, இதை அவர் குரலிலேயே பேசிக் காட்டினாள்.

சேசிஸ் குழாயின் ஓட்டைகளையெல்லாம் ரப்பர் வைத்து அடைத்துத் தண்ணீர் நிரப்பினோம். எங்கள் பக்கத்து போர் தண்ணீரே உப்பு என்பதால் குடிக்கிற கேன் தண்ணீர்தான் ஊற்ற வேண்டியிருந்தது. நான் போர் தண்ணீரில் முகம் கழுவ, துருப்பிடித்த இரும்பு கேன் தண்ணீர் குடித்தது. சாயங்காலம் அந்தத் தண்ணீரை இறக்குவோம். அக்கா ஒரு பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். மாமா விரலை நனைத்து நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டு, இன்னும் இருக்கு என்பார். மறுபடி நிரப்புவோம். தொழிற்சாலையில் அளக்கிற கருவி இருந்தாலும் மேஸ்திரிகள் அவர் நாக்கைக் கேட்டுத்தான் தொட்டியை மாற்றுவார்களாம். சாயங்காலம் ஆனால் நான் அக்காவின் போனுக்காகக் காத்திருந்தேன்.

ஒருநாள் போன் வந்தது. உப்பு இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டு, மாமா அடுத்து ஒரு கேள்வி கேட்டாராம்: "பிரேக்கு எப்படி இருக்குது?" அதைச் சொல்லும்போது அக்கா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. நான் பாயைக் கூப்பிட்டு இரண்டு டீ சொன்னேன். அவ்வளவு சந்தோஷம்.

அதன்பின் மாமாவின் கேள்விகள் நிற்கவில்லை. டயர் என்ன டயர், ஓடையில் புகைக்குழாய்க்குள் தண்ணீர் போகாதா, சீட்டு உயரம் எவ்வளவு. பதில் சொல்லிச் சொல்லி அக்காவே பாதி மெக்கானிக் ஆனாள். சேசிஸை வெயிலில் காயவைத்து, உள்ளே பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றி ஓடவிட்டு, மறுபடி பெயின்ட் அடித்தோம். இந்த மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்க அலைந்தது தனி ராமாயணம். அதற்குள் அக்கா ஷிஃப்ட் முடிந்து வந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். பாலாற்றில் மிச்சமிருக்கிற மணலில் வண்டியைச் சிக்கவைத்துச் சிக்கவைத்து வெளியே எடுப்பாள். நான் கரையில் நின்று கத்துவேன்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். மாமா வெள்ளைச் சட்டை போட்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஓடைவரைக்கும் நான் ஓட்டினேன். தண்ணீர் முழங்காலளவு. இறங்கி, முன்சக்கரமும் இழுக்கும்படி அதன் நடுவிலிருக்கும் பூட்டுகளைத் திருகிவிட்டு, கல் எங்கே பள்ளம் எங்கே என்று காலால் தடவிப் பார்த்து நிமிர்ந்தால், என் சீட்டில் அக்கா.

"நீ முன்னால நில்லு. சக்கரத்த எங்க வைக்கணும்னு காட்டு" என்றாள். தண்ணீருக்குள் நின்றுகொண்டு சண்டை போட முடியுமா? காட்டினேன்.

ஓடையைத் தாண்டினாள். ஏற்றத்தின் பாதியில் பின்சக்கரம் வழுக்கிச் சேற்றை வாரி அடித்தது. வண்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. மிதி, மிதி என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் மிதிக்கவில்லை. காலைக் கொஞ்சம் தளர்த்தி, வண்டியை அதன் போக்கில் விட்டாள். எஞ்சின் குரல் தாழ்ந்தது. முன்சக்கரம் இரண்டும் மெல்ல மண்ணைக் கவ்வின. வண்டி நிமிர்ந்து, நடக்கிற வேகத்தில், ஒரு முறையும் திணறாமல் ஏறிப்போனது. அப்போது நான் என் வேலையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். நான் சொன்னபடி மிதித்திருந்தால் வண்டி அவர்கள் இருவரோடும் ஓடையில் கிடந்திருக்கும்.

நான் மூச்சிரைக்க மேலே போய்ச் சேர்வதற்குள் மாமா தானாகவே இறங்கி, கதவைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். கோலை ஊன்றி ஒவ்வொரு மரமாகப் போனார். மாமரத்தில் புல்லுருவி ஏறவிட்டதற்கு அக்காவைத் திட்டினார். ஆடுகள் வந்து மோந்து பார்த்தன. விற்கவே இல்லையா என்று கேட்டுவிட்டு, இன்னொரு முறை திட்டினார். அந்தத் திட்டை அவள் பிரசாதம் போல வாங்கிக்கொண்டாள்.

வெயில் சாயத் தொடங்கியதும் கிளம்பலாம் என்றேன். மாமா வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"நான் வர்ல மச்சான். நீங்க போய்ட்டு வாங்க."

சர்க்கரை மாத்திரைக்கு என்ன செய்வது, ராத்திரி ஏதாவது ஒன்று ஆனால் என்ன செய்வது என்று நான் எகிற ஆரம்பித்தேன். அக்கா வண்டிக்குப் போய், பின்தட்டில் தார்பாயை விலக்கினாள். அரிசி மூட்டை, பாத்திரம், பாய், அவளுடைய புடவைகள், ஒரு பை நிறைய மாத்திரை.

"கம்பெனி வேலைய நேத்தோட முடிச்சிட்டேன்டா" என்றாள். "ஒண்ணு ஆனா நானே கீழ கூட்டினு வந்துடுவேன். அதுக்குத்தான வண்டி."

ஒரு தடவை அவரைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வர வண்டி செய்கிறோம் என்று அத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். மாமாவும் மூட்டைகளைப் பார்த்தார். அவள் அங்கேயே தங்க வந்திருக்கிறாள் என்று அவருக்கும் தெரியாது. கோலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கடைசி பஸ்ஸைப் பிடிக்க நான் நடந்துதான் இறங்க வேண்டும். வண்டி அவர்களுக்கு வேண்டுமே. ஓடைவரைக்கும் கொண்டுவந்து விடட்டுமா என்று அக்கா கேட்டதற்கு, இருட்டப் போகிறது, அவருக்குச் சோறு வை என்று எரிந்து விழுந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன். பார்த்திருந்தால் நானும் அங்கேயே தங்கியிருப்பேன்.