வெர்லின் சுமக்க வேண்டிய மான்

வெர்லின் ஹாஸ்கே தன் உயிர் நண்பர் டெல்மரைக் கழற்றிவிட்டுத் தனியாகக் கொலராடோவுக்கு எல்க் மான் வேட்டைக்குப் போகிறார் என்று, விஸ்கான்சினில் அந்தச் சிற்றூரின் மதுக்கடை முழுக்கப் பேச்சு. விசாரித்துப் பார்த்ததில் உண்மை அதைவிட மோசம். அவர் யாரையும் கழற்றிவிடவில்லை, புதிதாக ஒருவரைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

வாலிபத்தில் இருவரும் கொலராடோவில் வேறொரு காட்டுக்குப் போன முதல் பயணத்தில் வெர்லின் ஓர் எல்க்கைச் சுட்டார். குதிரை பருமனுள்ள மான், விழுந்ததோ கிடுகிடு பள்ளத்தில். துண்டு போட்டு முதுகில் கட்டி மேலே ஏற்றியதில் பாதிக்கு மேல் டெல்மரின் சுமை. வேட்டைக்காரர்களிடையே இதற்குக் கூலி கிடையாது. உன் மானை ஒருவன் சுமந்தால், அவன் மான் விழும்போது நீ முதுகைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். டெல்மருக்கோ இதுவரை ஓர் எல்க்கும் விழவில்லை. இப்போது முழங்கால் தேய்ந்து, வரும் குளிர்காலத்தில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு மலை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மான் அதிகமுள்ள அரசுக் காட்டில் வேட்டையாட வெளிமாநிலத்துக்காரனுக்குக் குலுக்கலில்தான் உரிமம். கிடைக்காத ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு புள்ளி. புள்ளி ஏறினால் வாய்ப்பும் ஏறும். அப்படிச் சேர்த்தார்கள் இருவரும், தலை நரைக்கும்வரை. பனிக்காலம் வந்தால் டெல்மர் வீட்டுக் கீழறையில் வரைபடம் விரியும், பீர் திறக்கும், மான் சாசேஜ் வெட்டப்படும். கால் வைத்தே பார்க்காத அந்த மலையில் எந்த ஓடை எங்கே திரும்புகிறது என்று சண்டை நடக்கும். மடிப்புகள் கிழிந்து, ஒட்டிய பசைத்தாளே வரைபடத்தைவிடக் கனமாகிவிட்டது. பாதிப் பேச்சு போகப்போகிற வழியைப் பற்றி, மீதி அந்த முதல் பயணத்தைப் பற்றி. இரண்டில் எது அதிகம் இனித்தது என்று இருவருக்குமே தெரியாது.

இந்த வருஷம் உரிமம் நிச்சயம் என்றிருந்த வேளையில்தான், மதுக்கடையின் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் உள்ளூர்க்காரர் ஆர்லோ வெர்லினுக்கு எதிரே உட்கார்ந்தார். மனைவியைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "எனக்கும் அந்த மலையை ஒரு தடவை பாக்கணும்னு ஆசை" என்றார். ஆயுள் முழுக்கப் பால் லாரி ஓட்டிய வெர்லினுக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. "அதுக்கென்ன, வாங்க!" என்று, தானும் டெல்மரும் சேர்ந்து போடும் விண்ணப்பத்தில் அவர் பெயரையும் சேர்த்துவிட்டார். குழுவாக விண்ணப்பித்தால் யாருக்குப் புள்ளி குறைவோ அதுதான் எல்லோருக்கும். ஆர்லோவின் புள்ளி பூஜ்யம்.

உரிமம் இல்லை என்று முடிவு வந்த அன்று கீழறை அதிர்ந்தது.

"டேய், இத்தனை வருஷப் புள்ளியை ஒரு மீன் துண்டுக்கு வித்துட்டியேடா!" என்றார் டெல்மர்.

"புள்ளி எங்கயும் போகலடா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் என் முட்டி இரும்புடா! நீதான் என்னைத் தூக்கணும்."

"அந்த மனுஷன் தட்டைத் தொடாம உக்காந்திருந்தான். எப்படிடா வேணாங்கிறது?"

டெல்மர் பீர் பாட்டிலைக் கீழே வைத்தார். "அப்புறம் சாப்பிட்டானா?"

"ரெண்டாவது தட்டும் வாங்கினான்."

டெல்மருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாடிப்படியிலிருந்து அவர் மனைவி லவோன், "குலுக்கல் இல்லாமலே உரிமம் விக்கிற காடு இருக்குல்ல? அங்க போங்களேன்!" என்று கத்தினாள்.

"அங்க மானைவிட ஆரஞ்சுச் சட்டை போட்ட வேட்டைக்காரன்தான் ஜாஸ்தி" என்றார் டெல்மர். ஆனாலும் மூவரும் கிளம்பினார்கள்.

டெல்மர் தினமும் முட்டி விட்ட தூரம் ஏறி, ஒரு மரக்கட்டையில் துப்பாக்கியோடு காத்திருந்தார். ஒரு காதுகூட அசையவில்லை. கடைசி நாள் ஒரே ஒரு குண்டுச் சத்தம். சுட்டவர் ஆர்லோ.

ஆர்லோ சுட்ட எல்க்கின் தொடையை முதுகில் கட்டிக்கொண்டு வெர்லின் மூச்சிரைக்க ஏறிவருவதை டெல்மர் கட்டையில் உட்கார்ந்தபடியே பார்த்தார். "நல்லா சுமக்கிறடா. ஆனா இது நம்ம கணக்குல வராது" என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் அறுவை சிகிச்சையும் முடிந்தது. டெல்மரின் முட்டி இப்போது இரும்பு, இனி அவர் மலை ஏறி மான் சுடப்போவதில்லை. வெர்லின் சுமக்க வேண்டிய அந்த ஒரு சுமை இன்னும் பாக்கிதான்.