டெலி கன்வெர்ட்டரும் ஒரு தனியன் யானையின் வலது காதும்

மார்ச் மாதம், 1982. செவ்வாய்க்கிழமை காலை கொழும்பு ரயில் மட்டக்களப்பை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. அங்கிருந்து கல்முனைக்கு இருபத்தைந்து மைல். பஸ் கல்லடிப் பாலம் தாண்டிக் களுவாஞ்சிக்குடி, பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு என்று கடலோரமாகவே தெற்கே போகிறது. இடப்பக்கம் தென்னைகளுக்கு இடையே கடல் தெரியும். வலப்பக்கம் வீடுகள் விட்ட இடைவெளிகளில் அறுவடைக்கு வந்த வயல்.

நான் போனது பறவைகளைப் படமெடுக்க. கொண்டுபோனவை: ஒரு கமெரா, 300 மில்லிமீற்றர் டெலி லென்ஸ், முக்காலி, 400 ஏ.எஸ்.ஏ. கறுப்பு வெள்ளைப் பிலிம் ஆறு சுருள், சிங்கப்பூர் போய்வந்த ஒரு கப்பற்காரரிடம் வாங்கிய டெலி கன்வெர்ட்டர். கடைசிப் பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது லென்ஸுக்கும் கமெராவுக்கும் இடையில் பொருத்தும் ஒரு சிறு குழாய். உள்ளே சில கண்ணாடிகள். பொருத்தினால் 300 லென்ஸ் 600 ஆகிவிடும். நெருங்க முடியாத பிராணியை இருமடங்கு பெரிதாகக் காட்டும். பதிலுக்கு வெளிச்சத்தில் நான்கில் மூன்று பங்கை விழுங்கிவிடும். 125இல் ஒரு செக்கனில் எடுக்கக்கூடிய படத்துக்கு 30இல் ஒரு செக்கன் தேவைப்படும். கண்ணாடி கூடுவதால் கூர்மையும் சற்றுக் குறையும்.

கல்முனையில் என் நானா, அதாவது அண்ணன், ஸ்டூடியோ வைத்திருக்கிறார். நாங்கள் மாவனல்லை ஆட்கள். இந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போகவேண்டும். நானாவும் அப்படிப் போனவர். அன்று பகல் வயலோர நீரில் நின்ற செங்கால் நாரைகளைக் கன்வெர்ட்டரோடு எடுத்தேன். உச்சி வெயில், அசையாத முக்காலி, அசையாத பறவை. மூன்றும் சேர்ந்ததால் அந்தச் சுருள் நன்றாக வந்தது. சிறகின் வரிகளைக்கூட எண்ணலாம்.

மாலையில் ஸ்டூடியோவுக்கு ஆதம்பாவா என்ற விவசாயி வந்தார். நாற்பது வயதிருக்கும். சம்மாந்துறைக்கு மேற்கேயுள்ள வட்டையில் அவருக்கு வயல். வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் நீர் பாயும் வயற்பரப்பு. அவருடைய காக்காவை, அதாவது மூத்த சகோதரரை, முந்திய மாதம் அங்கே ஒரு தனியன் யானை கொன்றுவிட்டது. அதைச் சுட அனுமதி கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அம்பாறையிலிருந்து துப்பாக்கிக்காரர் வருவதாக ஏற்பாடு. ஆனால் அந்தப் பக்கம் திரிபவை இரண்டு தனியன்கள். எதைச் சுடுவதென்று ஆள் காட்டவேண்டும்.

கொன்றதைப் பார்த்தவர் ஒருவர்தான்: இறந்தவரின் மனைவி பாத்தும்மா. அன்று மாலை கணவருக்குச் சோறு கொண்டுபோனவர். வலது காதின் கீழ்ப்பகுதி கிழிந்திருந்தது என்கிறார். அவர் இப்போது இத்தாவில் இருக்கிறார். கணவர் இறந்து நான்கு மாதமும் பத்து நாளும் மனைவி வீட்டைவிட்டு வெளியே போகமாட்டார், அந்நிய ஆண்களின் முன் வரவும் மாட்டார். கணவரின் தம்பியும் அந்நியர்தான். ஆகவே யானையைப் படமாக்கி அவரிடம் கொண்டுபோகவேண்டும், கொண்டுபோய்க் காட்டுபவர் பெண்ணாக இருந்தால் நல்லது. என் லென்ஸைப் பற்றி நானா ஆதம்பாவாவிடம் ஏற்கெனவே கதைத்திருந்தார்.

புதன் பிற்பகல் நான்கு மணிக்குப் புறப்பட்டோம். காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி, சம்மாந்துறை கடந்து, அதன் பிறகு வாய்க்கால் பாதை. ஆதம்பாவா ஓட்டிய டிரக்டரின் பின்பெட்டியில் நானும் நானாவும். முக்காலியை ஆதம்பாவா திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“அவன் வந்தா இந்த மூணு காலும் ஓடுமா, தங்கச்சி?”

வட்டைக்குள் யாரும் யானை என்று சொல்வதில்லை. அவன் என்பதே பெயர். சூரியன் பற்றைக்காட்டில் இறங்கும் நேரத்தில் அவன் வந்தான். ஏறக்குறைய நூற்றைம்பது கஜத் தூரத்தில், முட்செடிகளின் ஓரமாக நின்று, வலது பக்கத்தை எங்களுக்குக் காட்டினான். நான் பெட்டியில் முக்காலியை நிறுத்தி, கன்வெர்ட்டரைப் பொருத்தி, டிரக்டரை நிறுத்தச் சொன்னேன். என்ஜின் ஓடினால் பெட்டி நடுங்கும், முக்காலியும் சேர்ந்து நடுங்கும்.

ஆதம்பாவா மறுத்துவிட்டார். யானைக்கு முன்னால் யாரும் இங்கே என்ஜினை நிறுத்தமாட்டார்களாம். “நிப்பாட்டினாத் திரும்ப ஸ்டார்ட் வராம இரிக்கும். உங்கட படத்துக்கு நான் மௌத்தாகவா?”

அது நியாயமான பேச்சு. கன்வெர்ட்டரோடு பத்துப் படம் எடுத்தேன். வெளிச்சம் மேலும் இறங்கியதும் அதைக் கழற்றிவிட்டு வெறும் லென்ஸால் ஆறு எடுத்தேன். யானை பாதி உயரத்துக்குச் சிறுத்துவிட்டது. நானா என் கையைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தூரம் வந்து ஏன் சிறிதாக எடுக்கிறாய் என்று கேட்டார். வேலையிடத்துப் பழக்கம் என்றேன். கொழும்பில், வரைபடங்களைப் படம்பிடித்துச் சுருக்கும் அச்சகத்தில் எனக்கு வேலை. எதையும் இரண்டு விதமாக எடுத்து வைப்போம்.

வியாழன் காலை ஸ்டூடியோ இருட்டறையில் முதலில் கன்வெர்ட்டர் படங்களைப் பத்துக்கு எட்டு அங்குலத்தில் பிரதியெடுத்தேன். யானை தாளை நிறைத்து நின்றது. ஓரங்கள் கலங்கியிருந்தன. வலது காதின் கீழே கறுப்பாக ஒரு வெட்டு. ஈரத் தாளை வெளிச்சத்தில் பிடித்ததும் நானா முதலில் கண்டார், வாசலில் நின்ற ஆதம்பாவா அடுத்ததாகக் கண்டார். எனக்கும் அது கிழிசலாகவே பட்டது. ஆதம்பாவா தாளைக் கையில் வாங்கிக்கொண்டார். இப்போதே அம்பாறைக்குக் கொண்டுபோகிறேன் என்றார். மற்ற ஆறு படத்தையும் பார்த்துவிடலாம் என்று நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. தாளிலுள்ள சாயத்தையா பார்க்கிறீர்கள், ஆனையையா என்று கேட்டார். வட்டைக்கு வெளியே அவர் அந்தச் சொல்லைச் சொன்னார்.

கன்வெர்ட்டர் இல்லாத நெகட்டிவை, படத்தைப் பெரிதாக்கும் என்லாஜரில் வைத்து, அதன் தலையை உச்சிவரை உயர்த்தி, காதை மட்டும் பெரிதாக்கினேன். பிலிமின் மணல் மணலான புள்ளிகள் தெரிந்தன. ஆனால் காதின் விளிம்பு ஒரே கோடாக, எங்கும் அறாமல் ஓடியது. வெட்டு இருந்த இடத்தில் ஒரு முட்கொப்பு. யானைக்கு முன்னால் நின்ற பற்றையின் கொப்பு. அடுத்த படத்தில் காது முன்னே அசைந்திருந்தது. கொப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. டிரக்டரின் நடுக்கத்தை லென்ஸ் பெரிதாக்கியது, கன்வெர்ட்டர் அதை இருமடங்காக்கியது. கொப்பும் காதும் கலந்து கிழிசல் ஆனது.

ஆதம்பாவாவிடம் காட்டினேன். அவர் பெரிய படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார். மதினி சொல்லட்டும் என்றார்.

பாத்தும்மாவின் வீடு சம்மாந்துறையில், பள்ளிவாசலுக்குப் பின்னால் இரண்டு ஒழுங்கை தள்ளி. உள்ளறை வாசலில் சேலை கட்டி மறைத்திருந்தது. ஆதம்பாவா சேலைக்கு வெளியே கதிரையில் இருந்தார். நான் உள்ளே போனேன். முப்பத்தைந்து வயதுப் பெண், வெள்ளைச் சேலை. எனக்குத் தேத்தண்ணி தந்து, தானும் பாயில் இருந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் முதலில் பெரிய படத்தையும், பிறகு மற்ற இரண்டையும் கொடுத்தேன்.

பெரிய படத்தைப் பார்த்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதை மடியில் கவிழ்த்து வைத்தார். மற்ற இரண்டையும் ஜன்னலோரம் கொண்டுபோய், விரலைக் காதின் விளிம்பில் வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். விரல் எங்கும் நிற்கவில்லை. இரண்டாவதிலும் அப்படியே செய்தார்.

“காது முழுசா இரிக்கி. இவனில்ல.”

சேலைக்கு வெளியே கதிரை நகர்ந்தது. “கொழும்புப் புள்ளட தாளப் பார்த்துச் சொல்றீங்களா மதினி, கண்ணால கண்டதச் சொல்றீங்களா?”

“கண்ணால கண்டது நான் மட்டுந்தானே, தம்பி.”

 பாத்தும்மா படங்களை அடுக்கி என்னிடம் தந்தார். பிறகு சேலையைப் பார்த்துச் சொன்னார். குரல் உயரவில்லை.

“இவனச் சுட்டா நீங்க எல்லாரும் காவல விட்டுட்டு நிம்மதியாப் படுப்பீங்க. மத்தவன் வருவான்.”

துப்பாக்கிக்காரரை இப்போது வரவேண்டாம் என்று அன்றே அம்பாறைக்கு ஆளனுப்பினார்கள். வட்டையில் காவலுக்கு நின்றவர்கள் நால்வர். வெள்ளிக்கிழமை முதல் எட்டுப் பேர் ஆனார்கள் என்று நானா சொன்னார். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கிழிந்த காதுக்காரன் தென்படவில்லை.

சனிக்கிழமை காலை கல்முனை பஸ் நிலையம். அச்சகத்தில் ஒரு கோடு கலங்கினால் தகட்டைக் கழுவிவிட்டு மறுபடி எடுப்போம். எந்தக் கோட்டை நம்பி யார் எங்கே நடப்பார் என்று நான் யோசித்ததில்லை. மற்றவன் வந்தால் படமெடுக்க, டெலி லென்ஸை நானாவிடம் விட்டேன். அவருடைய கமெராவுக்கும் அது பொருந்தும். கன்வெர்ட்டரை என் பையில் வைத்தேன்.

வழியனுப்ப வந்த ஆதம்பாவா அதைக் கண்டுவிட்டார். அந்தப் பெரிதாகக் காட்டுகிறதையும் வைத்துவிட்டுப் போகலாமே என்றார். நல்ல வெயில் இருந்தால்தான் அது உதவும், அவன் வெயிலில் வந்தால் அறிவியுங்கள், அனுப்புகிறேன் என்றேன்.

அவர் என் பையை பஸ்ஸில் ஏற்றி வைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார்.

“வெயிலில வாறவனெண்டா, தங்கச்சி, எங்கட காக்கா அவனத் தூரத்திலயே கண்டிருப்பாரே.”