இருபத்தொரு நாள் முட்டு

படி ஏறும்போது அம்மாசி கொத்தனார் கண்ணை மூடிக்கொள்வார். யார் வீட்டுப் படியானாலும் சரி. ஏறி முடித்ததும், "அஞ்சாவது படி அரை விரக்கடை ஒசரமுங்க, இருட்டுல கால் தட்டும்" என்பார். அளந்து பார்த்தால் சரியாக இருக்கும்.

ஆள் ஒல்லி. சுண்ணாம்பும் சிமெண்டும் தின்ற விரல்நுனிகளில் ரேகை இல்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பங்களா வேலைக்குப் போய்க் காங்கிரீட் பழகி வந்தவர். வெண்ணந்தூரில் அந்த வேலை தெரிந்தவர் இவர் ஒருவர்தான். "ஊத்துன அன்னிக்கு அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. இருவத்தொரு நா தூங்கோணும். நடுவால எழுப்புனா வம்பு."

போன மாசியில் எங்கள் எதிர்வீட்டுத் தறிக்காரர் சின்னண்ணன், மாடிக்கு வெளிப்புறமாகப் படி கட்டச் சொன்னார். வாசல் குறுகல், செங்குத்தாக வைத்தால் போதும் என்றார். அம்மாசியோ, சின்னண்ணனின் மனைவி குஞ்சம்மாளைக் கூப்பிட்டு, செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, "இதும்மேல கால் வைங்க அம்மணி" என்றார். மூன்றாவது கல்லில் குஞ்சம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கல் உயரமே படியின் உயரம் ஆயிற்று. இடம் போதாததற்குப் பாதியில் ஒரு திருப்பம் வைத்தார்.

கம்பி கட்டி, பலகை அடித்து, அடியில் தாங்கலுக்குச் சவுக்கு முட்டுகளை நிறுத்தி ஊற்றினார். எட்டாம் நாள் ஒரு சாவுக்குப் புதுச்சத்திரம் போனார். மறுநாள் காலை சின்னண்ணனுக்குச் சேதி வந்தது: தங்கையைப் பெண் பார்க்க நாளைக்கு வருகிறார்கள். வாசலை அடைத்து நின்ற முட்டுகள் அவர் கண்ணை உறுத்தின. கூலியாள் ரங்கனைக் கூப்பிட்டு அவற்றைத் தட்டி எடுக்கச் சொன்னார்.

சத்தம் கேட்டு நான் வெளியே வரவும், அம்மாசி தெருமுனையில் திரும்பவும் சரியாக இருந்தது. இரண்டு முட்டுகளும் ஒரு பலகையும் தரையில் கிடந்தன. மூன்றாவதை அடிக்க ரங்கன் சம்மட்டியை ஓங்கியிருந்தான். மேலே, திருப்பத்தில், ஈரத்துணிக் கூடையுடன் குஞ்சம்மாள். அடியிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம்.

அம்மாசி ஓடிவந்து ரங்கனின் கையைப் பிடித்து நிறுத்தினார். கிடந்த முட்டொன்றைத் தூக்கிக்கொண்டு படிக்கு அடியில் நுழைந்தார். அங்கிருந்தே குரல் வந்தது: "அம்மணி, அசையாம நில்லுங்க. கூடையயும் எறக்க வேண்டாம்."

ஆப்பு அடிக்கும் ஓசை. மறுபடி வெளியே வந்து மற்ற முட்டுக்கம்பையும் எடுத்துப் போனார். கூடையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப செவுத்தோரமா, ஒவ்வொரு படியா எறங்குங்க."

குஞ்சம்மாள் தரையில் கால் வைத்த பிறகுதான் அம்மாசி வெளியே வந்தார். திருப்பத்தின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"பூசிடு அம்மாசி. அடியில ஆரு பாக்கப் போறாங்க?" என்றார் சின்னண்ணன்.

"ஆரும் பாக்க மாட்டாங்க சாமி. ஆனா அம்மணி தெனமும் ஏறுவாங்கல்ல."

"நாளைக்கு ஆளுங்க வாராங்களே."

"வாரவங்க கீழயே ஒக்காரட்டுமுங்க."

சின்னண்ணன் மனைவியைப் பார்த்தார். கூடை இன்னும் குஞ்சம்மாளின் இடுப்பிலேயே இருந்தது. சின்னண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டு, "செரி, ஆவறதப் பாரு" என்றார்.

அம்மாசி ரங்கனின் சம்மட்டியை வாங்கிக்கொண்டு சுவரோரமாக ஏறித் திருப்பத்துக்குக் கீழ்ப்படியில் நின்றார். தோள் துண்டை எடுத்துத் தளத்தின் மேலிருந்த தூசியை மெல்லத் துடைத்தார். பிறகு சம்மட்டியை ஓங்கி, தன் கையால் தேய்த்து மழுக்கிய விளிம்பில் முதல் அடியை இறக்கினார்.