கொக்கு மிதந்த மதியம்

நீச்சல் குளத்துக்கு வருகிற யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. கொக்கு என்றால்தான் தெரியும். ஆள் ஒல்லி, கழுத்து நீளம். கரையோரத்து உயரமான இரும்பு நாற்காலியில் ஒரு காலை மடக்கி, ஒரு காலைத் தொங்கவிட்டு, தண்ணீரையே பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார். நிஜக் கொக்குக்காவது மீன் கிடைக்கும். இவருக்குத் தண்ணீரிலிருந்து ஒன்றும் கிடைக்கக் கூடாது. அதற்குத்தான் சம்பளம்.

மூழ்குகிறவர்களைக் காப்பாற்றுகிற வேலை. இளம் வயதில் போட்டிகளில் நீந்தியவர், கால் முட்டி தேய்ந்ததும் இந்த நாற்காலியில் ஏறினார். இருபது வருடத்துக்கு மேலாகிறது. அவர் பார்வையில் ஓர் உயிர்கூடப் போனதில்லை. இதைக் கேட்கிறவர்கள், "அப்ப ஜாலியான வேலைன்னு சொல்லுங்க" என்பார்கள். அவரும் சிரித்து வைப்பார். ஒன்றுமே நடக்காத நாள் ஆளை எப்படித் தின்னும் என்பதை நாற்காலியில் உட்காராதவனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

அடி, நடு, மேல். அதுதான் வேலை. முதலில் குளத்தின் தரை, பிறகு நடுத்தண்ணீர், பிறகு மேற்பரப்பு. பார்வை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போய், திரும்பி வந்து, மறுபடி தரையில் தொடங்கும். கண்ணாடிக் கூரை வழியாக வெயில் இறங்கி, நீலத் தரையில் வலை விரித்து ஆடும். சத்தங்கள் சுவரில் மோதிக் குழைந்து, சிரிப்பு எது அலறல் எது என்று பிரிக்க முடியாத ஒரே ஓசையாய்த் திரும்பும். அதற்குள் உட்கார்ந்திருப்பது பாதித் தூக்கம் போலத்தான். தூங்கிவிடக் கூடாதே என்ற பயம் மீதிப் பாதி.

சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார். கண் மட்டும் டியூட்டியிலேயே இருக்கும். மேசைக் கால், தட்டு, விளக்கு. அடி, நடு, மேல். எதிரே மனைவி பேசிக்கொண்டிருப்பாள். அவர் பார்வை அவள் முகத்தின் மேல் போகும், ஆனால் நிற்காது. சரியான இடத்தில் உம் கொட்டுவதில் மட்டும் மனுஷன் கெட்டிக்காரர். தோள்பட்டை எந்நேரமும் இறுகிக் கிடக்கும். எங்கேயாவது குழாய் சொட்டினால் படுக்கையிலிருந்து துள்ளி எழுவார். வயசானால் இப்படித்தான் என்று தனக்குத் தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார்.

ஒரு நாள் வீடு திரும்பியபோது மனைவி சோபாவில் சாய்ந்திருந்தாள். வலது கண்ணை மூடி பிளாஸ்திரி போட்டிருந்தது.

"ஐயோ, என்ன ஆச்சு?"

"கண்ணுல புரை. இன்னைக்கு எடுத்தாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

"மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் தலையாட்டுனீங்க. போன வாரம் 'சரி, போயிட்டு வரலாம்'னுகூட சொன்னீங்க."

அவர் நினைவைத் துழாவிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. கத்தியிருந்தாலாவது தேவலை. அவள் சாதாரணமாகச் சொன்னாள், அதுதான் அவரைக் கொன்றது.

"இந்தக் கண்ணு ஆறட்டும். அப்புறம் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். சண்டையெல்லாம் இல்லீங்க. இங்க உங்ககூட இருந்துகிட்டே தனியா இருக்கேன். அங்க போய் தனியா இருந்தா அதுல ஒரு நியாயமாவது இருக்கும்."

மறுநாளிலிருந்து அவர் நாற்காலியில் இன்னும் விறைப்பாக உட்கார்ந்தார். வீட்டில் கோட்டை விட்டவன் இங்கேயும் விட்டுவிடக் கூடாதல்லவா? அந்த விறைப்பில்தான் அந்தக் கூத்து நடந்தது.

மதியம், குளத்தில் கூட்டமில்லை. ஆழமான மூலையில் ஒரு பெண் கை கால்களை விரித்துக் குப்புறக் கிடந்தாள். அசைவில்லை. கொக்கு விசிலை ஊதியபடியே பாய்ந்தார், அவளைப் புரட்டினார், தாடையைத் தாங்கிக் கரைக்கு இழுத்தார். அவள் இருமித் திமிறி, அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"விடுங்க! மூச்சைப் பிடிச்சு மிதந்துட்டிருந்தேன்! நாள் பூரா அடுத்தவங்க வாயைப் பாத்துட்டு, இங்க வந்து கொஞ்ச நேரம் செத்த மாதிரி கெடக்கலாம்னா, அதுக்கும் விடமாட்டீங்களா?"

பக்கத்துத் தெருவில் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் பல் டாக்டர் அந்தப் பெண். கொக்குக்கு முகம் செத்துப்போனது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார், தாடை இறுகி வார்த்தை வரவில்லை. டாக்டர் அதைக் கூர்ந்து பார்த்தார். "வாயைத் தெறங்க" என்றார்.

"டாக்டர்?"

"தெறங்கன்னா தெறங்க." ஈரம் சொட்டச் சொட்டக் கரையிலேயே எட்டிப் பார்த்தார். "பல்லா இது? தேஞ்ச செருப்பாட்டம் இருக்கு. தூக்கத்துல போட்டு நறநறன்னு கடிக்கிறீங்க. நாளைக்கு வந்து சேருங்க."

மறுநாள் பல்லுக்கு உறை செய்ய அச்சு எடுத்தபடி டாக்டர் பேசினார். வாய் நிறைய மாவு இருந்ததால் கொக்கு கேட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது.

"ஆபத்துன்னா உடம்பு தயாராகும். நெஞ்சு படபடக்கும், சதை இறுகும். ஆபத்து போனதும் எல்லாம் அடங்கிடும். உங்களுக்கு அது வந்தாத்தானே போறதுக்கு? வருமோ வருமோன்னே இத்தனை வருஷமா உடம்பு மல்லுக்கட்டிட்டு நிக்குது. பல்லுக்கு நான் உறை தரேன். பிரஷர் இருக்கான்னு வேற டாக்டர்கிட்ட காட்டிப் பாருங்க. ஆனா டியூட்டி முடிஞ்சுதுன்னு உடம்புக்கு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும். நீங்க எப்பவாவது சும்மா மிதந்திருக்கீங்களா?"

கொக்கு யோசித்துப் பார்த்தார். நீந்தியிருக்கிறார், பாய்ந்திருக்கிறார், இழுத்திருக்கிறார். சும்மா மிதந்ததாக நினைவில்லை.

வார விடுமுறையன்று பூட்டிய குளத்தைத் திறந்து மல்லாந்து படுத்துப் பார்த்தார். காது தண்ணீருக்குள் போனதுமே உடம்பு உதறிக்கொண்டு எழுந்து நின்றது. மறுபடி படுத்தார், மறுபடி உதறியது. நாற்காலி காலியாக இருந்தது. அவர் கண்ணை மூடினால் தண்ணீரை யார் பார்ப்பார்கள்?

வீட்டுக்கு வந்தபோது மனைவி துணிகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கண் ஆறிவிட்டது. அவர் கதவோரம் நின்று, டாக்டர் சொன்னதையும் தன்னால் முடியாமல் போனதையும் திக்கித் திணறிச் சொல்லி முடித்தார். அவள் ஒரு புடவையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த நாற்காலியில யாராவது உக்காந்தா மிதப்பீங்களா?"

அடுத்த விடுமுறையன்று இருவரும் போனார்கள். தண்ணீர் என்றாலே அவளுக்குப் பயம். கறுப்புக் கண்ணாடியும் செருப்புமாக, கம்பியை இறுக்கிப் பிடித்து நாற்காலியில் ஏறினாள். அவர் விசிலை அவள் கழுத்தில் மாட்டினார்.

"நீங்க முழுகினா நான் என்ன பண்ணணும்?"

"விசிலை ஊது."

"ஊதினா யாரு வருவா?"

அவர் யோசித்தார். "நான்தான் வரணும்."

அவள் சிரித்த சிரிப்பு சுவரெல்லாம் மோதித் திரும்பியது. அது சிரிப்புதான் என்று இந்த முறை சந்தேகமில்லாமல் தெரிந்தது.

அவர் மல்லாந்தார். உடம்பு உதறியது. நாற்காலியைப் பார்த்தார், அவள் இருந்தாள். மறுபடி மல்லாந்தார். காதில் தண்ணீர் ஏறியது, உலகம் அடங்கியது. தன் மூச்சு மட்டும் யாரோ பக்கத்து அறையில் தூங்குவதுபோல் கேட்டது. கூரையில் மேகம் ஊர்ந்தது, அல்லது அவர் ஊர்ந்தார், எது என்று தெரியவில்லை, தெரிய வேண்டியதாகவும் இல்லை. அடி எங்கோ இருந்தது. நடுவில் அவரே இருந்தார். தோள்கள் கழன்று தனியே மிதக்கின்றனவோ என்றிருந்தது. கொஞ்ச நேரம் அவருக்கு வயதும் இல்லை, முட்டியும் இல்லை. ஓரக்கண்ணில் நாற்காலி மங்கலாக மிதந்தது. அதன் மேல் அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பாடுகிறாளோ என்று நினைத்தார். அதையும் நினைக்காமல் விட்டார்.

வெகுநேரம் கழித்துக் கரையேறி, துண்டைப் போர்த்திக்கொண்டு நாற்காலியின் காலடியில் உட்கார்ந்தார். கை கால் எல்லாம் நனைந்த பஞ்சாய்க் கனத்தன.

"என்னமோ பேசிக்கிட்டே இருந்தியே?"

"ஆமா. காது தண்ணிக்குள்ள இருந்துதில்ல, அந்த தைரியத்துல எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

"அதுல புதுசா என்ன இருக்கு?" என்று சிரித்தாள்.

"மறுபடி சொல்லு."

"எல்லாத்தையுமா?"

"ஆபரேஷன்லேர்ந்து சொல்லு."

அவள் இறங்கி வந்து எதிரே உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். புருவத்தில் நரை விழுந்திருந்தது. எப்போது விழுந்ததோ. அவர் பார்வை பழக்கதோஷத்தில் தண்ணீர்ப் பக்கம் போனது. இழுத்து அவள் முகத்தில் வைத்தார். மறுபடி போனது. மறுபடி இழுத்து வைத்தார்.

"பயந்தியா?"

"பயந்தேன். கூட யாரு வந்திருக்காங்கன்னு நர்ஸ் கேட்டா." கழற்றிய கண்ணாடியை மடக்கினாள். "வீட்டுக்காரர் வெளியில உக்காந்திருக்காருன்னு சொன்னேன்."