நான் வாசித்துச் சொன்ன கடிதம்

எனக்கு வாசிக்க வராது. நான் இன்ஜினீயர். இரண்டும் உண்மை.

அச்செழுத்தை ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்தித்தான் வாசிப்பேன். ஒரு பக்கத்துக்கு அரை மணி ஆகும். கையெழுத்து என்றால் அதுவும் நடக்காது. இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று இப்போது சொல்கிறார்கள். தென்காசியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் இதற்குப் பெயர் மக்கு. சென்னையில் காலேஜில் என் அறைக்கூட்டாளி சத்தமாகப் படிப்பான், நான் கேட்பேன். ஒரு தடவை கேட்டால் போதும். கணக்கிலும் படம் வரைவதிலும் என்னை ஒருவனும் முந்தவில்லை. பாஸானேன். வேலைக்கு வந்தபின் குமாஸ்தா வாசிப்பார், நான் கையெழுத்துப் போடுவேன். அதிகாரி என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

குற்றாலத்தில் சீசன் முடிந்து தண்ணீர் வடிந்ததும் சிற்றாற்றில் ஓர் அணைக்கு மராமத்து நடந்தது. அங்கே கல் சுமந்த பெண் ஒருத்தி ஒரு கடிதத்தை நீட்டினாள். அவள் மகன் கொல்லத்தில் ஒரு கடையில் வேலை பார்த்தான்.

"ஏன், தபால்காரர் வாசிக்க மாட்டாரா?"

"அவருகிட்ட குடுத்தா எங்க ஊரு இலத்தூர் பூரா தண்டோரா போட்டுருவாரு. நீங்க படிச்சவிய. வெளிய சொல்ல மாட்டிய."

அன்று குமாஸ்தா வரவில்லை. கூலியாட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாளைக்கு வா என்று சொல்லியிருக்கலாம். கௌரவம் விடவில்லை. கடிதத்தை மேலும் கீழும் பார்த்தேன்.

"சுகமா இருக்கானாம். ஒன் ஒடம்பப் பாத்துக்கிடச் சொல்லுதான். மாடு எப்படி இருக்குன்னு கேக்கான்."

"மாடா? அத அவன்தானய்யா சந்தைக்குப் பத்திட்டுப் போயி வித்தான்!" சிரித்தாள். "மறந்துட்டான் போல, கிறுக்குப் பய. இம்புட்டுதானா? ரெண்டு பக்கமும் எழுதியிருக்கானே."

"இவ்வளவுதான்."

ஒரு மாதம் கழித்து ரங்கூனிலிருந்து கடிதம் வந்தது. ரங்கூன் என்றதும் பதறிப்போய்த் தபால்காரரையே வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். முதலாளி அவனைச் சரக்கோடு அங்கே அனுப்பிவிட்டார். வழியில் இறங்க முடியாது, வெள்ளிக்கிழமை காலை வண்டி தென்காசியில் நிற்கும்போது ஸ்டேஷனுக்கு வா என்று முந்திய கடிதத்தில் எழுதியிருந்தானாம். வண்டி நகரும்வரை கதவருகே நின்று பார்த்தானாம். ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தான்.

இரண்டு கடிதங்களோடும் என் ஆபீசுக்கு வந்தாள்.

"அப்படி எழுதியிருந்தா நீங்க சொல்லியிருக்க மாட்டியளா? எழுதாமலே எழுதுனேங்கான் பாருங்க. பதில் எழுதிக் குடுங்கய்யா."

பழைய கடிதம் அவள் கையிலேயே இருந்தது. குமாஸ்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வாங்கி அவரிடம் கொடுத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் வாசித்திருப்பார். நான் கொடுக்கவில்லை. அவள் சொல்லச் சொல்லப் பதிலை அவரை எழுதச் சொன்னேன்.

"ஏலே, பெத்தவகிட்டயே பொய் சொல்லுதியே. இன்ஜினீயர் அய்யா படிச்சாரு. நீ ஒண்ணும் எழுதல. என்னப் பாக்க ஒனக்கு மனசு இல்லன்னு சொல்லிட்டுப் போ."

குமாஸ்தா பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். எனக்கு வாசிக்க வராது என்று அந்த ஆபீசில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"அவ சொல்லுதத அப்படியே எழுதும்" என்றேன்.

எழுதினார். அன்றைக்கே தபாலில் போடச் சொன்னதும் நான்தான்.