சுவர்ச் சுற்றின் நடுவர்

செக் நாட்டில் எங்கள் ஊர் பிரெரோவின் பழைய கார் சங்கம் நடத்தும் வருடாந்தர வினாடி வினாப் போட்டியில் லிபுஷே ஹனாகோவா வெகுகாலம் கேள்வி கேட்டாள். பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை. கார் ஓட்டத் தெரியாது. அவளுடைய கேள்விகள் சிறந்தவை என்று சொல்ல மாட்டேன். எந்த ஆண்டு, எத்தனை குதிரைத்திறன், எத்தனை சிசி. வறண்ட கேள்விகள்.

ஆனால் கடைசிச் சுற்று வேறு. மதுக்கடையின் பின்முற்றத்தில் போட்டியாளர்கள் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு கார் கிளப்பப்படும். சத்தத்தை மட்டும் கேட்டு எந்த வண்டி, எத்தனை சிலிண்டர் என்று சொல்ல வேண்டும். நடுவரும் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவார். முன்பிருந்த நடுவர் சிலிண்டர் எண்ணிக்கையை இருமிக் காட்டித் தன் மைத்துனனை ஜெயிக்க வைத்ததால் வந்த ஏற்பாடு. நடுவர் சொன்னதே முடிவு. அவருக்குப் பின் நடுவரான லிபுஷேயின் காது தவறியதில்லை.

அந்தக் காது எப்படி வந்தது என்பது ஊருக்கே தெரியும். 1950-இல் அவளுக்கு ஆறு வயது. விடியும் முன் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அதில் ஏறிப் போனார். திரும்பவில்லை. "அவங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றாள் அம்மா. அந்நாளில் 'அவங்க' யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ரகசியப் போலீஸ் வருவது டாட்ராபிளான் காரில் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கம்யூனிஸ்ட் ஆட்சி போனபின், காணாமற்போனவர்களுக்காகச் சதுக்கத்தில் நட்ட கல்லில் அவர் பெயரையும் செதுக்கினார்கள். மறுபேச்சும் இருந்தது. பக்கத்துத் தெரு தையற்காரியும் அதே வாரம் ஊரைவிட்டுப் போனாளாம். அதை லிபுஷேயின் காதுபட யாரும் சொன்னதில்லை.

சுவர்ச் சுற்றுக்கு அவள் ஒரு விதி வைத்திருந்தாள். டூ-ஸ்ட்ரோக் வண்டி கூடாது. "புகை வாடையே காட்டிக் கொடுத்துடும். அப்புறம் காதுக்கு என்ன வேலை?" என்பாள். நியாயமாகத்தான் பட்டது.

அந்த அக்டோபரில், சுவர்ச் சுற்றுக்கு வைத்திருந்த ஸ்கோடா குளிருக்குக் கிளம்ப மறுத்தது. முற்றத்தில் நின்றவர்கள், புதிதாகச் சேர்ந்த கமில் வோஸ்ட்ரியின் வண்டியைக் கிளப்பச் சொன்னார்கள். அவனுக்கு விதி தெரியாது. மற்றவர்களுக்கு நினைவில்லை, அல்லது பீர் மறக்கடித்துவிட்டது.

விட்டு விட்டு, மூச்சுத் திணறுவதுபோல் அந்த எஞ்சின் அடித்தது. போட்டியாளர்களில் ஒருவனான பொரிவோய் உடனே கையைத் தூக்கினான்.

"இதெல்லாம் ஒரு கேள்வியா? ஏரோ மைனர். ரெண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், அறுநூத்திப் பதினஞ்சு சிசி. கோப்பையை இப்பவே குடுத்துடுங்கய்யா, வீட்ல தேடுவாங்க."

"தப்பு" என்றாள் லிபுஷே.

சிரித்தார்கள். "என்ன லிபுஷே அம்மா, மூக்கடைச்சிருக்கா? வாடை இங்க வரைக்கும் வருது!"

"தப்புன்னு சொன்னேன். டாட்ராபிளான். நாலு சிலிண்டர்."

பின்னால் ஏரோ மைனர் அடித்துக்கொண்டே இருந்தது. நீலப்புகை எங்கள் தலைக்கு மேலே சுவரில் ஏறியது. இரண்டு சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை, வீட்டுப் பூனைகூடப் பிரித்துச் சொல்லும். ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். ஆறு வயதில் வாசலில் கேட்ட சத்தத்துக்குத்தான் அவள் அந்தப் பெயரைச் சொல்கிறாள் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

பொரிவோய் தொப்பியைக் கழற்றினான். அவன் தோற்பதை வெறுப்பவன். "நடுவர் சொன்னா சரிதாங்க. டாட்ராபிளான்னே எழுதிக்கிடுங்க" என்றான். யாரும் மறுக்கவில்லை. அந்த நிமிடத்தில், அவள் நம்பிய அப்பாவை அவளிடமே விட்டுவைக்க எங்களால் முடிந்தது. அது கருணையா, கோழைத்தனமா என்று இன்றும் எனக்குத் தீர்மானமில்லை.

அவள் எழவில்லை.

"வேணாம் பொரிவோய். நீ சொன்னதுதான் சரி" என்றாள். "அன்னைக்கும் இதுதான். அவரு ஏறும்போது உள்ள ஒரு பொம்பள என்னமோ சொன்னா. எங்கப்பா சிரிச்சாரு."

கமில் ஓடிப்போய் எஞ்சினை அணைத்தான். அதன்பின் வந்த அமைதியில்தான் அவள் திரும்பிப் பார்த்தாள். தேன்நிறத்தில், வட்ட விளக்குகளோடு, சின்ன வண்டி.

"அவங்க கொண்டுபோயிருந்தா எப்பவோ செத்திருப்பாரு. அழுது முடிச்சுட்டேன். இப்போ..." விரல்விட்டு எண்ணினாள். "எண்பத்திரண்டு வயசு. எங்கேயோ உக்காந்து சூப் குடிச்சுட்டு இருக்கலாம்."

"விடுங்கம்மா" என்றான் பொரிவோய். "நேரமாச்சு, நான் வீட்ல கொண்டுவந்து விடுறேன்."

அவள் அவனைத் தாண்டி கமிலிடம் போனாள்.

"தம்பி, இந்த வண்டிய யாருகிட்ட வாங்குன?"

"ஒலோமோட்ஸ்ல ஒரு மெக்கானிக்கிட்டங்க."

"அவரு யாருகிட்ட வாங்கினாராம்?"

கமிலுக்குத் தெரியவில்லை. அவள் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்தாள். ஏறவில்லை. குனிந்து உள்ளிருக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.