டோவ்ர மலையில் கழற்றிய மாலை

முருகனை நம்பியிருக்கும் என் உறவுகளே,

நோர்வேயில், ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில் நாலாம் மாடியில் நான் தனியே இருக்கிறேன். சென்ற வருடம் மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், டோவ்ர மலை ஏற்றத்தில் என் பழைய ஓட்டோமற்றிக் பிக்கப் நின்றுபோனது. பின்னால் இரண்டு தொன் பாரம். முன்னாலும் பின்னாலும் வெறும் மலை. கைத்தொலைபேசியில் இருநூறு பெயர்கள் இருந்தன. அழைக்க ஒருவரும் இல்லை. அன்று முருகன் எனக்கு என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இழுத்துக்கொண்டு போனது என் மனைவியின் சமையல் வண்டி. அடுப்பு, குளிர்பெட்டி, எண்ணெய்ச் சட்டி எல்லாம் உள்ளே பூட்டிய சக்கர வண்டி. ஒஸ்லோச் சந்தைகளில் அவள் ரோல்சும் வடையும் பொரிப்பாள். வண்டியை இழுத்துப் போவது மட்டும் என் வேலை. அவள் புற்றுநோயில் போன பிறகு அது எங்கள் கட்டடத்தின் வாகனத் தரிப்பிடத்தில் படங்கு மூடிக் கிடந்தது.

எங்களுக்கு ஒரே மகள், துஷி. வடக்கே ஐந்நூறு கிலோமீற்றர் தள்ளி, துரோண்ட்ஹைமில் தாதியாக வேலை. தாயின் கடைசி நாளில் பனிப்புயலால் விமானம் பிந்தி, அவள் வந்து சேர எல்லாம் முடிந்துவிட்டது. நான் செத்த வீட்டில் எல்லோருக்கும் முன்னால், "இனி வந்து என்ன?" என்று கேட்டேன். என் வாய் அப்படி. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் போனவள் இரண்டு வருடம் என்னுடன் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. முருகனுடனும் கதைக்கவில்லை. கோயிலுக்குப் போவேன், தரிப்பிடத்தில் நின்று வாகனங்களை ஒழுங்குபடுத்துவேன், உள்ளே போகாமல் திரும்பி வருவேன்.

அந்த மே மாதத்தில்தான் திடீரென்று அழைத்தாள்.

"அப்பா, அம்மாவின்ரை வண்டி இன்னும் நிக்குதோ?"

"ஓம்."

"சனிக்கிழமைச் சந்தையிலை எனக்கு ஒரு இடம் கிடைச்சிருக்கு. ஆரையாவது பிடிச்சு அனுப்பிவிடுங்கோ."

"ஆரும் வேண்டாம். நானே கொண்டு வாறன்."

"சரி" என்றாள். அந்தச் 'சரி'யை வைத்துக்கொண்டு ஒரு கிழமையைக் கழித்தேன். வண்டி போய்ச் சேராவிட்டால் அவள் வேறு வழி பார்த்துக்கொள்வாள். அவள் வாசலில் போய் நிற்க எனக்கு வேறு சாட்டு இல்லை.

பயணத்துக்கு முன் துஷியின் தாய் செய்வது போலவே எல்லாம் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். செவ்வந்தி வாங்கி, ஊசி விரலில் குத்தக் குத்த, கை மொத்தத்தில் ஒரு மாலை கட்டினேன். பிக்கப்பின் முகப்புக் கம்பி வலையில் முருகன் படத்தைக் கட்டி, சிவப்புப் பட்டு சாத்தி, மாலையைப் போட்டேன். டயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கினேன். மகள் காணுமுன் மாலை காற்றில் பிய்ந்துவிடக் கூடாதே என்று, முகப்பு முழுவதையும் தடித்த பொலித்தீனால் மூடி ஒட்டும் ரேப் சுற்றினேன். கெட்டித்தனத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று ஒரு நினைப்பு!

காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டேன். லில்லஹாமர் நகரம் தாண்டும்வரை சுகம். பக்கத்து ஆசனம் மட்டும் வெறுமையாக இருந்தது. வழக்கமாக அதில் என் மனைவி இருந்து எனக்கு இஞ்சித் தேநீர் ஊற்றித் தருவாள். டொம்போஸ் என்ற ஊர் தாண்டி மலை ஏறத் தொடங்க, கியர் மேலும் கீழும் மாறி மாறி அலைந்தது. எரிந்த எண்ணெய் மணம். வெப்பமுள் சிவப்புக்குப் போனது. பிறகு எஞ்சின் அலறியது, வண்டி அசையவில்லை. ஒருபடியாக வீதியோர ஒதுக்கிடத்தில் உருட்டி நிறுத்தினேன்.

கியர்பெட்டி முடிந்தது என்றே நினைத்தேன். மகளுக்குச் சொல்ல வெட்கம். இறங்கி நின்றேன். பனி உருகாத மலை, வாகனங்கள் விசுக் விசுக்கென்று கடந்து போயின. ஒருவரும் நிறுத்தவில்லை. நான் கை காட்டவும் இல்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, அந்த இடத்தில் வாய் விட்டு அழுதேன்.

"முருகா, உன்னோடை கோபிச்சது பிழைதான். வண்டி போகாட்டிலும் பறவாயில்லை. என்னை என்ரை பிள்ளையிட்டைக் கொண்டுபோய்ச் சேர்" என்று கேட்டேன்.

கற்பூரம் கொளுத்தப் பார்த்தேன், காற்று விடவில்லை. சரி, மாலையையாவது தொட்டுக் கண்ணில் ஒற்றுவோம் என்று கையை வைத்தேன். சுட்டது! பொலித்தீனுக்குள் பூக்கள் அவிந்து கறுத்துக் கிடந்தன. அப்போதுதான் இந்த மண்டைக்கு விளங்கியது. எஞ்சினையும் கியர் எண்ணெயையும் குளிர்விக்கும் ரேடியேற்றர்கள் அந்தக் கம்பி வலைக்குப் பின்னால்தான் இருக்கின்றன. காற்றே போகாமல் மூடிக் கட்டியது நான்.

பொலித்தீனைக் கிழித்தேன். பொனட்டைத் திறந்து, எண்ணெய் ஓடிக் குளிரட்டும் என்று எஞ்சினை நியூற்றலில் ஓட விட்டேன். ஆனால் மிச்சக் காற்றை மறைத்து நின்ற பட்டுத் துணியையும் மாலையையும் கழற்றக் கை வரவில்லை. போய்ச் சேருமுன் சாமிக்குப் போட்ட மாலையைக் கழற்றினால் என்ன ஆகுமோ என்று பயம்.

அந்த நேரம் தொலைபேசி அடித்தது. துஷி.

"அப்பா, எங்கை நிக்கிறியள்? மனம் ஒரு மாதிரிக் கிடந்துது, அதுதான் எடுத்தனான்."

எல்லாவற்றையும் சொன்னேன். மாலையையும் சொன்னேன்.

"அம்மா ஒருநாளும் மாலையை முன்னுக்குக் கட்டிக்கொண்டு ஓட விட்டவவோ? பூசை முடியக் கழட்டி உள்ளுக்கை வைப்பா. இவ்வளவு வருசம் ஓடினியள், காணேல்லையோ?"

காணவில்லை. நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கழட்டுங்கோ அப்பா. பயப்பிடாதேங்கோ. போனை வையாதேங்கோ, நானும் ஒப்டாலுக்கு வெளிக்கிடுறன்."

கழற்றினேன். முருகன் படத்தையும் பட்டுத் துணியையும் மாலையையும் பக்கத்து ஆசனத்தில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் முள் இறங்கியது. தாழ்ந்த கியரைப் போட்டு மெல்ல மெல்ல ஏறினேன், வண்டி இழுத்தது. ஒலிபெருக்கியில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். இடையிடையே அவளுடைய காரின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஒருமுறை, "பிள்ளை, அண்டைக்கு நான் சொன்னது..." என்று தொடங்கினேன். "தெரியும் அப்பா, ரோட்டைப் பாருங்கோ" என்றாள்.

மலைக்கு அப்பால் இருக்கும் ஒப்டால் ஊரின் பெற்றோல் நிலையத்தில் நின்றிருந்தாள். தாயின் குளிர்ச்சட்டை போட்டிருந்தாள். நான் இறங்குமுன் மற்றக் கதவைத் திறந்து, அந்த அவிந்த மாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த வண்டி இப்போது துரோண்ட்ஹைமில் ஓடுகிறது. மாதத்தில் இரண்டு சனி நான் போய் வடை பொரிக்கிறேன். ஒஸ்லோவில் வீடு இன்னும் வெறுமைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு உள்ளேயே போகிறேன்.

முருகன் என் கியர்பெட்டிக்கு அற்புதம் செய்தாரா தெரியாது. நான் கேட்டது அதை அல்ல, என் பிள்ளையை. ஒரு மணி நேரத்துக்குள் அவள் குரலைத் தந்தார். யாருடனாவது கோபித்துக்கொண்டு தனியே பாரம் இழுப்பவர்கள் இதை வாசித்தால், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவரிடம் கேளுங்கள். பெரிய மந்திரம் ஒன்றும் வேண்டாம், எனக்கும் தெரியாது.

இப்போதும் பயணத்துக்கு முன் மாலை கட்டுகிறேன். கற்பூரம் காட்டி, தேசிக்காய் நசுக்கி, மாலையைக் கழற்றிப் பக்கத்து ஆசனத்தில் வைக்கிறேன். பிறகு மகளுக்கு எடுத்து, "வெளிக்கிடுறன் பிள்ளை" என்கிறேன்.